தண்டவாளத்துக்குப் பக்கத்தில்

தெற்கு லண்டனின் குரொய்டனில் 2000 ஆம் ஆண்டு மே மாதம் புது ட்ராம் ஓட வெளிக்கிட்டபோது முதல் வண்டிக்கு ஒன்று என்று இலக்கம் போடவில்லை. 2530 என்று போட்டார்கள். பழைய ட்ராம்களைக் குரொய்டனில் 1951 இலும், லண்டன் முழுவதும் 1952 இலும் நிற்பாட்டியபோது இலக்கங்கள் 2529 வரை வந்திருந்தன. பலசரக்குக் கடைக்காரர் கடன் கொப்பியில் அடுத்த வரியை எழுதுவதுபோல, அரை நூற்றாண்டு கழித்து விட்ட இடத்திலிருந்து கணக்கைத் தொடங்கிவிட்டார்கள். சிவப்பும் வெள்ளையும் பூசிய அந்த வண்டிகள் வியன்னாவில் செய்தவை.

ஏறக்குறைய நாலு இலட்சம் சனம் இருக்கும் ஊர் இது. ஆனாலும் சட்டப்படி நகரம் கிடையாது. நகரப் பட்டம் கேட்டு எத்தனையோ முறை விண்ணப்பித்தார்கள். ஒவ்வொரு முறையும் வேறு ஊருக்குப் போய்விட்டது. பாதாள ரயிலும் இங்கே வராது. ஆனால் ஈஸ்ட் குரொய்டன் நிலையத்தில் நின்றால் வடக்கே கால் மணித்தியாலத்தில் விக்டோரியா, தெற்கே கால் மணித்தியாலத்தில் கட்விக் விமான நிலையம். அதனால் பலருக்கு இது ரயில் மாறுகிற ஊர். எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களுக்கோ லூனர் ஹவுஸ் இருக்கிற ஊர். மனிதன் சந்திரனில் இறங்கிய கையோடு, 1970 இல் கட்டி முடித்த 20 மாடிக் கட்டடம். பக்கத்துக் கட்டடத்துக்கு அப்பலோ என்று பெயர். குடிவரவு அலுவலகம் அதற்குள்தான். லண்டன் எந்தத் திக்கில் இருக்கிறது என்று தெரியாத கிழவிகளும் எங்கள் பக்கத்தில் அந்தப் பெயரைச் சரியாகச் சொல்வார்கள். பிள்ளைகளின் கடிதங்களில் அந்த விலாசம் வந்துகொண்டே இருந்தது.

நான் வந்து இறங்கிய அறை, வெஸ்ட் குரொய்டனுக்கு வடக்கே லண்டன் ரோட்டுப் பக்கம் இருந்தது. மாடியில் ஒரு பெட்டியறை. எனக்கு முன் அதில் இருந்தவர் அண்ணையோடு படித்தவர். அவருக்கு முன் இருந்தவர் அவருடைய மைத்துனர். எனக்குப் பின் வந்தவர் என் ஊர்க்காரர். கட்டில் ஒன்றுதான், படுத்தவர்கள் மாறிக்கொண்டே இருந்தோம். வேலை விம்பிள்டனில், ஒரு சமையலறையில் கோப்பை கழுவுவது. வெஸ்ட் குரொய்டனிலிருந்து விம்பிள்டனுக்கு அப்போது இரண்டு பெட்டி ரயில் ஒன்று ஓடியது. பாதி வழி ஒற்றைத் தண்டவாளம். தொழிற்சாலைகளின் முதுகுப் பக்கம், மின்நிலையத்தின் இரண்டு புகைபோக்கிகள், புல் முளைத்த வெளி என்று ஊரின் பின்வளவு வழியாகவே அது போகும். என்னோடு ஏறுகிறவர்களை விரல் விட்டு எண்ணலாம். 1997 மே மாதக் கடைசியில் அந்த ரயிலை நிறுத்தினார்கள். ட்ராம் போடப் போகிறோம் என்றார்கள். நான் நம்பவில்லை. மூன்று வருடத்தில் அதே தடத்தில் ட்ராம் வந்துவிட்டது. மின்நிலையத்தை இடித்த இடத்தில் ஐக்கியா. புகைபோக்கிகள் மட்டும் நீலமும் மஞ்சளும் சுற்றிக்கொண்டு இன்னும் நிற்கின்றன.

அந்த வழி ரயிலுக்கும் மூத்தது என்று அறிந்தது பின்னாளில். 1801 இல் நாடாளுமன்றத்தில் சட்டம் போட்டு, 1803 இல் திறந்த சரே இரும்புப் பாதை அது. வான்ட்ஸ்வேர்த்தில் தேம்ஸ் கரையிலிருந்து குரொய்டன் வரை, ஏறக்குறைய 14 கிலோமீற்றர். முதலில் கால்வாய் வெட்டத்தான் நினைத்தார்கள். ஆனால் வான்டில் ஆற்றங்கரை முழுக்க ஆலைகள். ஆற்றுத் தண்ணீரைக் கால்வாய்க்கு எடுத்தால் ஆலைச் சக்கரங்கள் நின்றுவிடும். அதனால் தண்ணீரை விட்டு இரும்புக்குப் போனார்கள். கல் கட்டைகளைப் பதித்து, அவற்றின் மேல் ஒரு ஓரம் நிமிர்ந்த வார்ப்பிரும்புத் தகடுகளை வைத்தார்கள். வண்டிச் சக்கரம் சாதாரணச் சக்கரம்தான். தகட்டின் நிமிர்ந்த ஓரம் அதை விலகாமல் பிடித்துக்கொள்ளும். இழுப்பது குதிரை, சில இடங்களில் கழுதை. கம்பனி சொந்தமாக வண்டி ஓட்டவில்லை. அளவுக்குப் பொருந்துகிற வண்டி வைத்திருக்கிற எவரும் சுங்கம் கட்டிவிட்டு ஓட்டலாம். நிலக்கரி குரொய்டனுக்கு வரும். சுண்ணாம்பும் கல்லும் தேம்ஸுக்குப் போகும். ஆட்களை ஏற்றுவதில்லை.

நீராவி வந்தபின் குதிரைக்கு என்ன மதிப்பு? 1846 இல் மூடிவிட்டார்கள். ஆனால் நிலத்தில் ஒரு கீறு விழுந்துவிட்டதே. 1855 இல் விம்பிள்டன் ரயில் போட்டவர்கள் மிச்சம் என்ற ஊர்ப் பக்கத்தில் அந்தப் பழைய தடத்தின் ஒரு பகுதியையே பிடித்துக்கொண்டார்கள். அதன்மேல்தான் இப்போது ட்ராம். குதிரை, ரயில், ட்ராம் என்று மூன்றும் ஒரே கீறலில். கோப்பை கழுவப் போன காலத்தில் இது தெரிந்திருந்தால் அந்த இரண்டு பெட்டி ரயிலைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்திருப்பேன்.

குரொய்டன் இரும்போடு நிற்கவில்லை. 1809 இல் ஒரு கால்வாயும் வந்தது, ஊரின் வடக்குப் பக்கமாக, நியூ குரொஸிலிருந்து. மேடு ஏற 28 மடைகள். ஒவ்வொரு படகும் ஏறி இறங்கும்போது தண்ணீரும் இறங்கிப் போகும். அதை ஈடுகட்ட நீர்த்தேக்கம் வெட்டினார்கள். சவுத் நோர்வூட்டில் வாத்துகளுக்குப் பாண் போடுகிற ஏரி அந்தத் தேக்கம்தான். கால்வாயில் இலாபம் ஊறவில்லை. 1836 இல் ரயில் கம்பனிக்கு விற்றார்கள். தண்ணீரை வடித்துவிட்டு, பொருந்திய இடங்களில் அதன் படுகையில் தண்டவாளம் போட்டார்கள். படகுகள் வந்து கட்டுகிற துறை இருந்த இடத்தில் 1839 இல் வந்ததுதான் வெஸ்ட் குரொய்டன் நிலையம். இப்போது நோர்வூட் ஜங்ஷன் என்கிறோமே, அதற்கு முதல் பெயர் ஜொலி செய்லர். கால்வாயோரம் இருந்த ஒரு மதுச்சாலையின் பெயர் அது. கடலே இல்லாத மேட்டில் மாலுமியின் பெயரில் ஒரு ரயில் நிலையம்!

அதே தடத்தில் 1846 இல் இன்னொரு பைத்தியமும் நடந்தது. என்ஜின் இல்லாத ரயில். தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு இரும்புக் குழாய். வழியில் உள்ள பம்புநிலையங்கள் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சும். குழாய்க்குள் இருக்கும் முசலத்தை மறுபக்கக் காற்று தள்ள, வண்டி ஓடும். குழாயின் முதுகுப் பிளவை அடைக்கத் தோல் பட்டை, அதில் கொழுப்பும் மெழுகும். தோல் ஒழுங்காக மூடவில்லை, பம்புகள் பழுதாகின. அடுத்த வருடம் மே மாதத்தோடு கதை முடிந்தது. ஆனால் அந்த ரயில் மற்றப் பாதையைத் தாண்டுவதற்காகக் கட்டிய மேம்பாலம், ரயிலுக்கு மேலால் ரயில் போக உலகில் முதன்முதல் கட்டியது என்கிறார்கள். பம்புநிலையத்தின் கல்லும் செங்கல்லும் வீணாகவில்லை. கழற்றிக் கொண்டுபோய் சரே ஸ்ட்ரீட்டில் தண்ணீர் வழங்கும் நிலையம் கட்டினார்கள்.

சரே ஸ்ட்ரீட் என்றால் எனக்குச் சந்தைதான். 1276 இல் கன்ரர்பரிப் பேராயர் பெற்ற உரிமையில் கூடத் தொடங்கிய சந்தை. கிண்ணத்தில் குவித்து வைத்து, ஒரு கிண்ணம் ஒரு பவுண் என்று கூவுவார்கள். பின்னேரம் ஐந்து மணிக்குப் போனால் இரண்டு கிண்ணம் ஒரு பவுண். பெட்டியறைக் காலத்தில் எங்கள் வயிறு அந்த ஐந்து மணியை நம்பியே இருந்தது. கிண்ணத்தைச் சாய்க்கும்போது அடியில் இருக்கும் அழுகல் தக்காளியும் பையில் விழும். பார்த்தும் பாராததுபோல விற்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நாங்களும் ஒன்றும் கதைக்கமாட்டோம். வெண்டிக்காயும் முருங்கைக்காயும் லண்டன் ரோட்டுக் கடைகளுக்குச் சாதாரணமாக வரத் தொடங்கியதெல்லாம் பிறகு.

சமையலறை வேலை போனபின் பேர்லி வேயில் ஒரு பெற்றோல் செட்டில் இரவு வேலை கிடைத்தது. அந்தக் காலத்தில் தமிழ் ஆட்கள் அரைவாசிப் பேர் செய்த வேலை. கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து தெருவையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இங்கிலாந்தில் முதன்முதல் சோடியம் விளக்குப் போட்ட தெரு அது, 1932 இல். மஞ்சள் வெளிச்சத்தில் எல்லா காரும் ஒரே நிறம். விடியப்புறம் ஒரு கிழவர் பத்திரிகை வாங்க வருவார். கிட்டத்தில்தான் பழைய குரொய்டன் விமான நிலையக் கட்டடம். ஒருநாள் அதைக் காட்டி, 'சின்ன வயசில் காசு கொடுத்து அந்தக் கூரையில் ஏறி நின்று விமானம் பார்த்திருக்கிறேன்' என்றார். கட்டடத்தைப் பற்றி அதுவரை நான் யோசித்ததே இல்லை. அலுவலகங்கள் என்றே நினைத்திருந்தேன்.

லண்டனின் முதன்மை விமான நிலையம் ஒரு காலத்தில் இதுதான். 1920 இல் தொடங்கியது. அப்போது பிளவ் லேன் என்ற தெருவுக்கு இந்தப் பக்கம் ஒரு வெளி, அந்தப் பக்கம் ஒரு வெளி. விமானம் ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கம் தெருவைக் கடந்துதான் உருண்டு போகவேண்டும். ரயிலுக்குப் படலை போடுவார்களே, இங்கே விமானத்துக்காகத் தெருவை மறித்தார்கள். 1928 இல் புதுக் கட்டடமும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் வந்தன. பயணிகளையும் பெட்டிகளோடு சேர்த்துத் தராசில் நிறுத்தே ஏற்றினார்கள். 1930 மே 5 அன்று ஏமி ஜோன்சன் என்ற பெண் இங்கிருந்து தனியாக ஒரு பழைய ஜிப்ஸி மொத் விமானத்தில் கிளம்பி, 24 ஆம் திகதி அவுஸ்திரேலியாவின் டார்வினில் இறங்கினார்.

1929 மார்ச் 30 அன்று இம்பீரியல் ஏர்வேஸ் இங்கிருந்து கராச்சிக்குச் சேவை தொடங்கியது. பாசல் வரை விமானம், அங்கிருந்து ஜெனோவா வரை ரயில், பிறகு கடல் விமானம், பிறகு மீண்டும் தரை விமானம். ஒரு கிழமைப் பயணம். 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியில் அந்தச் சேவையில் வந்த தபாலை வாங்கிக்கொண்டு ஜே.ஆர்.டி. டாட்டா ஒரு புஸ் மொத் விமானத்தில் பம்பாய்க்குப் பறந்தார். பம்பாயிலிருந்து நெவில் வின்சென்ட் அதைப் பெல்லாரி வழியாக மதராசுக்குக் கொண்டுபோனார். குரொய்டன் புல்வெளியில் கிளம்பிய கடிதம் மதராஸ்வரை விமானத் தபாலாகப் போக வழி பிறந்தது அப்படித்தான்.

புல்வெளி என்று சொன்னது அலங்காரத்துக்காக இல்லை. கடைசிவரை அங்கே தார் ஓடுபாதை போடவில்லை. சுற்றிவர வீடுகள் எழும்பிவிட்டன, விமானங்கள் பெருத்துவிட்டன, விரிய இடமில்லை. 1959 செப்டெம்பர் 30 அன்று கடைசிப் பயணிகள் விமானம் போனது. அது ஒரு ஹெரன். அதே வகை விமானம் ஒன்று இப்போது கட்டட வாசலில் தூண்கள்மேல் நிற்கிறது. வெளியின் ஒரு பகுதியில் ரவுண்ட்ஷோ குடியிருப்பு.

மதராஸ் என்றதும் அடிஸ்கம் ஞாபகம் வருகிறது. ஈஸ்ட் குரொய்டனிலிருந்து கிழக்கே ட்ராம் ஏறினால் அடிஸ்கம் ரோடு. தேனி பக்கத்து நண்பர் ஒருவர் என்னைப் பார்க்க வந்தபோது அவரை அந்த வழியால் கூட்டிக்கொண்டு போனேன். கிழக்கிந்தியக் கம்பனி தன் படை அதிகாரிகளைப் பழக்குவதற்கு 1809 இல் தொடங்கிய கல்லூரி இங்கேதான் இருந்தது. பதினைந்து வயதில் இங்கே சேர்ந்த ஆர்தர் கொட்டன் பின்னர் மதராஸ் பொறியியல் படைக்குப் போய் முக்கொம்பில் மேலணை கட்டினார், கோதாவரியை மறித்தார். ஜோன் பென்னிகுயிக்கும் இங்கே படித்தவர்தான். 1860 இல் இந்தியா போனார். மேற்கே ஓடிக் கடலில் விழுந்த பெரியாற்றை மறித்து, மலைக்குள் சுரங்கம் குடைந்து கிழக்கே வைகைப் பக்கம் திருப்பினார். அணை 1895 இல் முடிந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் பொங்கலன்று அவர் படத்துக்கு மாலை போடுகிறார்கள். அவர் பெயரைப் பிள்ளைகளுக்கும் வைக்கிறார்கள்.

கல்லூரி 1861 இல் மூடப்பட்டது. கொஞ்சக் காலத்தில் இடித்து, காணி துண்டாடி விற்றார்கள். மிஞ்சியது தெருக்களின் பெயர்கள்: கானிங், கிளைட், எல்ஜின், அவுட்ரம், ஹாவ்லொக். இந்தியாவை ஆண்டவர்களும் 1857 இல் அங்கே படை நடத்தியவர்களும். நண்பர் ஒவ்வொரு பலகையாக வாசித்துக்கொண்டே நடந்தார்.

"சண்ட போட்டவன் பேரெல்லாம் வச்சிருக்கான். தண்ணி குடுத்தவரு பேர்ல ஒரு தெரு இல்லியேண்ணே" என்றார்.

"இங்கை தண்ணி குழாயிலை வருது. ஆருக்கு அவரை ஞாபகம்?" என்றேன். அவருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ட்ராம் வரும்வரை பேசாமல் நின்றார்.

அங்கிருந்து அடுத்த தரிப்பு சான்டிலன்ட்ஸ். அதைத் தாண்டினால் ட்ராம் சுரங்கத்துக்குள் நுழையும். 1885 இல் ஒரு ரயில் பாதைக்காகக் குடைந்த சுரங்கம். ரயில் 1983 இல் நின்றுபோனது. இருட்டு மட்டும் காத்திருந்தது. பழைய ரயில் பாதை சுரங்கத்தை விட்டு வடக்கே நேராகப் போகும். அதிலிருந்து பிரிந்து தெருவுக்கு வர ட்ராமுக்கு ஒரு கூர்வளைவு புதிதாகப் போடவேண்டியிருந்தது. 2016 நவம்பர் 9 விடியற்காலை, மழை. நியூ அடிங்டனிலிருந்து வேலைக்குப் போகிற சனத்தோடு வந்த ட்ராம், 20 கிலோமீற்றர் வேகத்தில் எடுக்கவேண்டிய அந்த வளைவில் 73 கிலோமீற்றர் வேகத்தில் வந்து கவிழ்ந்தது. ஏழு பேர் போய்விட்டார்கள். விடியற்காலை ட்ராமில் யார் இருப்பார்கள்? துப்புரவு வேலைக்காரர், கட்டட வேலைக்காரர், இரவு வேலை முடிந்து திரும்புகிறவர். நானும் அந்த நேரத்து ட்ராமில் எத்தனையோ நாள் தூங்கி விழுந்து போனவன். பழைய தடம் கிடைத்தது அதிர்ஷ்டம்தான்; ஆனால் பழையதையும் புதியதையும் தைக்கிற இடத்தில் கவனம் இரட்டிப்பாக வேண்டும் என்பதை அந்த வளைவு சொல்லிவிட்டது.

ட்ராமில் எதிர்ப்பக்கம், மேற்கே வந்தால் ஜோர்ஜ் ஸ்ட்ரீட். பேராயர் விட்கிவ்ட் ஏழை முதியவர்களுக்காக 1596 இல் தொடங்கி 1599 இல் முடித்த இல்லம் சந்தியிலேயே இருக்கிறது. செங்கல் சுவர், நடுவில் முற்றம், இன்றும் முதியவர்கள் குடியிருக்கிறார்கள். தெருவை அகட்டுவதற்காக இதை இடிக்கவேண்டும் என்று எத்தனையோ திட்டம் போட்டார்கள். 1923 இல் பிரபுக்கள் சபை தலையிட்டுக் காப்பாற்றியது. சுவருக்கும் ட்ராமுக்கும் இடையில் நடைபாதைதான் இடைவெளி. ட்ராம் அவ்விடத்தில் மெதுவாகத்தான் போகும்.

இன்னும் மேற்கே இறங்கினால் ரீவ்ஸ் கோனர். 1867 இல் தொடங்கிய தளபாடக் கடையின் பெயரில் ஒரு ட்ராம் தரிப்பு. குதிரைகள் இழுத்த இரும்புப் பாதை வந்து முடிந்ததும் இந்தப் பக்கத்தில்தான். 2011 ஓகஸ்ட் 8 இரவுக் கலவரத்தில் அந்தக் கடையின் ஒரு கட்டடத்தைக் கொளுத்தினார்கள். தொலைக்காட்சியில் உலகம் முழுக்கப் பார்த்தது. எங்கள் அறை யன்னலில் சாம்பல் வந்து படிந்தது. யாழ்ப்பாணத்தில் எரிந்ததைப் பார்த்த எங்களுக்குச் சாம்பலின் மணம் புதிதில்லை. இங்கேயும் அதே மணம் என்பதுதான் தாங்கவில்லை. கடை இருந்த மூலை வெறும் காணியானது. தீ தண்டவாளத்தை ஒட்டியே எரிந்தது. ஆனாலும் சில நாளில் ட்ராம் ஓடியது.

இந்த ஊரில் இவ்வளவு காலம் இருந்ததில் எனக்குப் பிடிபட்ட சங்கதி ஒன்றுதான். நீளமானது பிழைக்கிறது, அகலமானது பிழைப்பதில்லை. விமான நிலையம் அகலம், வீடாகிப் போனது. கல்லூரி வளவு அகலம், தெருவாகிப் போனது. விட்கிவ்ட் பள்ளிக்கூடம் இருந்த நிலத்தில் 1960களின் கடைசியில் பெரிய அங்காடி கட்டினார்கள். அதையும் இடித்துக் கட்டப்போகிறோம் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அகன்ற நிலத்தைக் கண்டால் துண்டு போட்டு விற்க ஆள் வந்துவிடும். ஒடுங்கி நீண்ட நிலத்தை என்ன செய்வது? அதில் வீடு கட்ட முடியாது. போகத்தான் முடியும். முதியோர் இல்லம் மட்டும் இந்தக் கணக்குக்குள் அடங்காது. அதற்குச் சட்டசபையில் ஆள் இருந்தது.

நாங்கள் வந்ததும் அப்படி ஒரு தடத்தில்தான். ஊரில் எங்கள் வளவுகள் அகலமாக இருந்தன, போய்விட்டன. ஒருவர் விலாசத்தை மற்றவருக்குக் கொடுத்து, அவர் இன்னொருவரைக் கூப்பிட்டு, ஒரே கட்டிலில் மாறி மாறிப் படுத்து வந்த அந்த ஒடுக்கமான வழி இன்னும் இருக்கிறது. போன வருடம் அக்காவின் மகன் அதே வழியில் வந்து சேர்ந்தான். படித்த பிள்ளை, கணினி வேலை. முதல் கிழமையே அவனுக்கு ட்ராம் பாடம் எடுத்தேன்.

"ஏறமுன்னம் மேடையிலை கார்ட்டைத் தட்டு. இறங்கேக்கை தட்டத் தேவையில்லை. விம்பிள்டனிலை மட்டும் கேற்றாலை உள்ளை வந்தாலும் ட்ராம் மேடையிலை இன்னொருக்காத் தட்டவேணும். ஒரு மணித்தியாலத்துக்குள்ளை பஸ்ஸுக்கு மாறினால் காசில்லை."

இப்போது அவன் வீடு வாங்க அலைகிறான். ரவுண்ட்ஷோ பக்கம் ஒன்று, அடிஸ்கம்மில் ஒன்று, மிச்சம் போகிற வழியில், பின்வளவு ட்ராம் பாதையைத் தொடுகிற மாதிரி ஒன்று. கடைசி வீடு விலை குறைவு. போய்ப் பார்த்தோம். மாடி யன்னலைத் திறந்தவுடன் ஒரு ட்ராம் போனது.

"சத்தம், மாமா" என்றான்.

"தண்டவாளத்துக்குப் பக்கத்திலை எடு, தம்பி. முன்னுக்கு ஆரும் மாடி கட்டி மறைக்கமாட்டினம்."

"ட்ராமையும் ஒருநாள் நிப்பாட்டினால்?"

"நிப்பாட்டுவாங்கள். பிறகு வேறை ஏதோ ஒண்டு ஓடும். இருநூறு வருசமா உதுதானே நடக்குது."

அவன் விற்பனை முகவரிடம் திரும்பி, இரட்டைக் கண்ணாடி போட எவ்வளவு முடியும் என்று விசாரிக்கத் தொடங்கினான்.